ப்ராமிசிங் மேடம்

எங்கள் வீட்டுவசதி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் ப்ராமிசிங் மேடம். அவர் காதுபடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

வீடு கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு "இல்லை" என்று எழுதக் கூடாது என்பது எங்கள் பிரிவின் எழுதாத சட்டம். இல்லை என்றால் மேல்முறையீடு வரும், நம்பிக்கையாக எழுதினால் ஆள் சத்தம் போடாமல் வீட்டில் இருப்பார். அதனால் மேடத்திடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. "வெரி லைக்லி" என்றால் அடுத்த மாதம் சாவி. "என்கரேஜிங்" என்றால் அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு. "யுவர் கேஸ் லுக்ஸ் ப்ராமிசிங்" என்றால் கோப்பு பீரோவுக்குள் போய்விட்டது, இனி வராது. வாங்குகிறவருக்கு மூன்றுமே இனிக்கும். அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஒருமுறை ஒரு பெரியவர் ப்ராமிசிங் கடிதத்தை லேமினேட் செய்து எடுத்துவந்தார். மடித்து மடித்துக் கிழிகிறதாம். மேடம் அதை வாங்கிப் பார்த்து, "பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு மனசே உறுத்தாதா?" என்று கேட்டேன்.

"உறுத்தினா மட்டும் வீடு கிடைச்சிடுமா? வேலையைப் பாருங்க."

அந்தக் கடித மாதிரி தலைமை அலுவலகத்துக்குப் பிடித்துப்போய், எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். பாராட்டுக் கடிதம்கூட வந்தது. மேடம் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வீட்டில் காட்ட யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றை அறை, ஒரு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஏதாவது சாக்கு வைத்து அலுவலகம் வருவார். காவலாளிதான் சொல்வார், "மேடத்துக்குப் பொழுது போகலை போல."

அவருக்கு ஒட்டு உறவென்று ஓர் அக்கா. ரயிலில் ஒரு நாள் தூரத்து ஊரில், கணவர் போனபின் தனியாக இருந்தார். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு மேடம் நான்கு முறை எழுதினார். கிடைத்தால் அக்கா வீட்டு மாடி அறை அவருக்கு. ஜன்னல் திரைக்கு அளவுகூட வாங்கி வைத்திருந்தார். ஓய்வுபெற ஆறு ஆண்டுகள்தான் பாக்கி.

போன செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேடம் பிரித்துப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார். அவர் எழுதிய அதே வரிகள், காற்புள்ளிகூட மாறவில்லை. நடுவில், யுவர் கேஸ் லுக்ஸ் ப்ராமிசிங்.

கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினேன். மேடம்தான் பேசினார்.

"நமக்குள்ள எழுதறப்ப நிஜமாவே அப்படி இருக்கலாம் இல்ல?"

இருபத்திரண்டு வருடம் அந்த வாக்கியத்தை விற்றவர் என்னிடம் அப்படிக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. "இருக்கலாம் மேடம்" என்றேன். நானும் அந்த அலுவலகத்து ஆள்தானே.

மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தபோது அக்காவிடமிருந்து போன். பழைய போன், அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்கும்.

"மாடி அறைக்கு ஆள் வந்திருக்குடி. நல்ல பொண்ணு, ஆசிரியை. உனக்குன்னு வெக்கவா, அவளுக்கு விட்டுடவா? லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்டிருக்கு?"

மேடம் கடிதத்தைப் பார்த்தார். ப்ராமிசிங் என்று அவர் சொல்லியிருந்தால் அக்கா அறையைப் பூட்டிவைத்து ஆறு வருடமும் காத்திருப்பார்.

"கிடைக்காதுக்கா. அறையை விட்டுடு."

"அப்படியா எழுதியிருக்காங்க?"

"அப்படி எழுத மாட்டாங்க."

 அக்கா மெதுவாக, "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சுக்கா" என்றார் மேடம், திறக்காத டப்பாவைப் பைக்குள் திரும்ப வைத்தபடி.