சத்தத்தில் கேட்காமல் போன பேச்சு

ராயப்பன்பட்டி இருதயம் கார் வாங்கியது ஆசைக்காக இல்லை. மனைவி வியாகுலமேரிக்கு இதய வால்வில் கோளாறு. மாதம் தவறாமல் தேனிக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலை நேரத்துத் தேனி பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருக்காது. கூட்டத்தில் ஒருமுறை அவள் மயங்கிச் சரிந்துவிட்டாள். அந்த வருஷம் திராட்சை விற்றதும், கம்பத்தில் ஒருவரிடமிருந்து பழைய டீசல் கார் ஒன்றை வாங்கிவந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள்ளேயே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர் அதைக் கிளப்பினால், உள்ளே பங்குச்சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். உத்தமபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுருளிராஜன் முதலில் சைலன்சரை மாற்றினார். பிறகு இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அதையும் மாற்றினார். சத்தம் குறையவில்லை, இடம்தான் மாறியது.

சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். டீசல் வரும் குழாயில் எங்கோ காற்றுப் புகுந்து, வண்டி நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி கிளம்பும். இருதயம் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே அமுக்குவார். மேரி புளியமர நிழலில் குடையோடு நிற்பாள். பஸ்ஸில் நிற்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்பாள்.

மேரிக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். அடுப்படியில் அவள் பேசுவது முன்வீட்டில் கேட்காது. காருக்குள் சொல்லவே வேண்டாம். அதனால் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் கையைத் தொடுவாள். அவரும் வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுப்பார்.

அன்று தை மாதத்துக் காலை. கால் வீங்கியிருந்ததால் மேரி பின்சீட்டில் தலையணையில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டாள். தானாகத்தான் நடந்துவந்து ஏறினாள், அவசரம் ஒன்றும் இல்லை. சின்னமனூர் தாண்டியதும் இருதயம் கண்ணாடியில் பார்த்தார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னா மேரி?”

அவள் மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. எஸ்தர் என்றது போலவும் இருந்தது, அப்படி இல்லாதது போலவும் இருந்தது. எஸ்தர் அவர்களுடைய ஒரே மகள், கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள்.

“ஒண்ணும் கேக்கல. இறங்குனதும் சொல்லு” என்று சத்தம் போட்டார்.

அவள் சரி என்பது போலக் கையை அசைத்தாள்.

கோட்டூர் தாண்டி வண்டி இரண்டு இழுப்பு இழுத்து நின்றது. அத்தனை சத்தமும் ஒரேயடியாக அடங்க, வயலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. “இப்பச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், பானெட்டைத் திறக்க இறங்கினார். பதில் இல்லை. கண் அசந்துவிட்டாள் என்று நினைத்தார். வழக்கம்போல் வண்டியைத் திட்டிக்கொண்டு பம்பை அமுக்கினார்.

அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் ஒச்சாண்டி, உதவி வேண்டுமா என்று கேட்டு நிறுத்தினார். காரைச் சுற்றி வந்தவர் பின் கதவருகே நின்றுவிட்டார்.

“அண்ணே, பம்ப விடுங்க. அக்கா ஒரு மாதிரி இருக்காக. இங்கன வந்து பாருங்க.”

ஆட்டோவில்தான் தேனிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது என்றார் மருத்துவர். வண்டி நிற்காமல் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆறுதலாகச் சொன்னார். இருதயம் தலையாட்டினார். வண்டி நின்றதை அவர் நினைக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்த அந்த உதடுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் எஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா கடைசியா என்னாப்பா சொன்னாக?”

அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்தார். “ஒன் பேரத்தாம்மா சொன்னா” என்றார். அவள் அவர் மடியில் கவிழ்ந்து அழுதாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கோட்டூரில் கிடந்த காரைச் சுருளிராஜனே போய் இழுத்துவந்திருந்தார். மனசு கேட்காமல் இன்ஜினை மொத்தமாக இறக்கி, குழாய் முதல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். ஒரு சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வந்து நின்றது உள்ளே யாருக்கும் தெரியவில்லை. ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று வற்புறுத்தி இருதயத்தை ஏற்றிக்கொண்டார். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகையில் கொடிகளுக்குள் குருவி கத்துவதுகூட உள்ளே கேட்டது.

“இனிமே உள்ள மெதுவாப் பேசுனாலும் கேக்கும்ண்ணே” என்றார் சுருளிராஜன். அன்று காருக்குள் கேட்காமல் போனது அவருக்குத் தெரியாது.

இருதயம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். வண்டியை யாருக்காவது விற்றுவிடும்படி சொல்லிவிட்டு, பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது. சுருளிராஜன் ரோட்டோரம் காத்திருந்தார்.

எஸ்தர் இப்போதும் வாரம் ஒருமுறை போனில் பேசுகிறாள். கடைசி நேரத்திலும் அம்மா தன்னைத்தான் தேடினாள் என்று சொல்லி நிறுத்துவாள். இருதயம் இந்தப் பக்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “ஆமாத்தா” என்பார்.