தயிர்சாதத்தில் ஐந்து திராட்சை

எங்கள் வீட்டு நாய்க்குத் தயிர் கொடுக்கலாமா என்று ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான்.

"குடுக்கலாமுங்க. வெறும் தயிரு மட்டும். உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். பால் சேராத நாய்ங்க உண்டு, அதனால ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு வயித்தைப் பாருங்க."

ஒரு ஸ்பூனில் ஆரம்பித்தேன். நான்கு நாள் வயிற்றைப் பார்த்துவிட்டு இரண்டுக்கு வந்தேன். அதற்கு மேல் ஏற்றவில்லை.

என் மனைவிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. போன சித்திரையில் ஒரு மத்தியானம், மிஞ்சிய தயிர்சாதத்தை வழித்து நாயின் தட்டில் வைத்துவிட்டாள்.

"பாவமுங்க, அம்மணிக்கு வெயில்ல நாக்குத் தொங்குது" என்றாள். நாய்க்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. அவளுக்கு அது அம்மணிதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பும் தாளிப்பும் இருக்கட்டும். கல்யாணப் பந்தியில் போடுகிற மாதிரி தயிர்சாதத்தின் மேல் கருப்புத் திராட்சை தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று படித்திருந்தேன். மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"எத்தனை தின்னுச்சுங்க?"

மனைவியைப் பார்த்தேன்.

"அதையெல்லாம் எண்ணியா போடுவாங்க?" என்றாள்.

ஆனால் கழுவிக் கொடுத்தவன் நான். பன்னிரண்டு. என் தட்டில் நான்கு வந்தது, அவள் தட்டில் மூன்று.

"அஞ்சுங்க டாக்டர்."

"எட்டுக் கிலோ நாய்ங்களே! உடனே தூக்கிட்டு வாங்க."

போனைக் காதில் வைத்தபடியே கொல்லைப்புறம் ஓடினேன். துவைக்கிற கல்லின் நிழலில் நாய் படுத்திருந்தது. தட்டில் ஒரு பருக்கை இல்லை. தட்டுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், ஐந்து திராட்சைகள் கிடந்தன. ஒன்றிலும் பல் படவில்லை. தயிர்ப் பிசுக்குகூட இல்லாமல் நான் கழுவியதைவிடச் சுத்தமாக நக்கி, ஒவ்வொன்றாக ஒதுக்கியிருந்தது. குனிந்து எண்ணினேன். விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன். நான் எழுபது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதை இதற்கு யார் சொன்னார்கள்?

மனைவி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "பாருங்க, உங்களாட்டவே எண்ணி வெச்சுப்போட்டுது."

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா? கிளம்பிட்டீங்களா?" என்றார் மருத்துவர்.

அஞ்சும் இங்கேயே இருக்குதுங்க என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தச் சுடுதரையிலேயே நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.