நாற்பது வெள்ளைக் காகிதம்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் காலை ரயிலில், ஞானசுந்தரி அக்காவுக்கு எதிர் சீட்டில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து போனவன் நான். என் பெயர் மேக்ஸ்வெல், லிஃப்ட் மெக்கானிக். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா பர்னபாஸ் தினமும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கினார், நான் லிஃப்டில் மேலே ஏறுகிறேன். குடும்பம் முன்னேறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா ஒயிட்ஃபீல்டில் இறங்குவார். அங்கே சித்தாரா மிட்டாய் கம்பெனியில் ஜெனரல் மேனேஜர். அந்தப் பதவிக்குக் கார் உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொடுத்திருந்தால் அதிலேயே குடித்தனம் நடத்தியிருப்பேன்.

எண்பத்தெட்டில், இருபத்தொரு வயதில், மிட்டாய்க்குக் காகிதம் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் பழைய முதலாளி வியாபாரிகளைக் கூப்பிட்டு, ஐந்து வகை மிட்டாயை வைத்து எது பிடித்தது என்று கேட்டார். காபி வேறு கொடுத்திருந்தார், அதனால் எல்லாமே பிரமாதம் என்றார்கள். அவர்கள் போனதும் அக்கா தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி, நிறம் நிறமாகப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அவங்க சொன்னதை விடுங்க சார், தின்னது இதுதான் என்றார். அடுத்த மாதமே சூப்பர்வைசர். அப்புறம் தரம் பார்க்கும் பிரிவு, விற்பனை, கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. காகிதம் பொறுக்கும் பழக்கத்தை மட்டும் அக்கா விடவில்லை. எந்தப் புது மிட்டாயும் எங்கள் ரயில் பெட்டிக்கு வந்துவிட்டுத்தான் கடைக்குப் போகும்.

அவருடைய சொந்தச் சரக்கு சுக்குமணி. நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறைத் தூசியை விழுங்கிய அவருடைய அப்பா, இருமி இருமியே நாளைக் கழித்தவர். அவர் தொண்டைக்காகச் சுக்கு, மிளகு, வெல்லம் மூன்றையும் மாற்றி மாற்றிக் காய்ச்சி அக்கா கண்டுபிடித்தது அது. அப்பா போய்விட்டார், மிட்டாய் இருபத்தைந்து வருஷமாகக் கடையில் இருக்கிறது.

போன வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. அக்கா ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, பழைய முதலாளியின் பேரன் கிரண் பொறுப்புக்கு வந்தார். சுக்குமணி சுமாராகத்தான் போகிறது, அதை நிறுத்திவிட்டு அந்த மெஷினில் மாம்பழ ஜெல்லி போடலாம் என்றார். மிட்டாய் நின்றால் அப்பா இரண்டாம் தடவை போன மாதிரி என்று அக்கா என்னிடம் சொன்னார். கிரணிடம் அப்படிச் சொல்லவில்லை. ரயிலில் ஒரே ஒரு சோதனை வைக்கலாம் என்று மட்டும் கேட்டார். அவரும் சம்மதித்தார்.

அந்த வியாழக்கிழமை கிரணே எங்கள் பெட்டியில் ஏறினார். நாற்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு மிட்டாய், பெயர் போடாத வெள்ளைக் காகிதத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. வெள்ளையில் இருப்பது சுக்குமணி என்று மூக்கு உள்ள எவனுக்கும் தெரியும். முதல் நாளே நான் பெட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஓர் ஆளுக்காக நிற்பதென்றால் அரைகுறையாக நிற்கத் தெரியாது. நாற்பது பேரும் வெள்ளைக்கே ஓட்டுப் போட்டார்கள். கிரண் கைபேசியில் குறித்துக்கொண்டு வாயைப் பிளந்தார். நான் மார்தட்டாத குறை.

அக்கா எழுந்தார். பெஞ்சுக்கு அடியில், காலடியில், ஜன்னல் இடுக்கில் என்று ஓர் இடம் விடாமல் காகிதம் பொறுக்கினார். மஞ்சள் முப்பத்தெட்டு, வெள்ளை மூன்று.

"இந்த ஓட்டு செல்லாது சார்," என்றார் கிரணிடம். "இவங்க தின்னது மாம்பழம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாராவது தன் கையாலேயே தன் மிட்டாய்க்குக் குழி வெட்டுவார்களா? மாதக் கடைசியோடு சுக்குமணி நிறுத்தம் என்று முடிவாயிற்று. நான் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் கோயில். போதகர் பிரசங்கத்துக்குப் புத்தகத்தைத் திறந்தால், முன் வரிசையில் இருக்கும் சுரங்கப் பென்ஷன்காரர்கள் பக்கம் சரசரவென்று மிட்டாய்க் காகிதம் பிரியும். வருஷக்கணக்காக அப்படித்தான், யாரும் கவனிப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் அக்கா வழக்கம்போலத் தரையைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றுவிட்டார். கடையில் விற்கும் சுக்குமணியின் பச்சைக் காகிதங்களுக்கு நடுவே வெள்ளைக் காகிதங்கள். ரயிலில் கொடுத்த அதே வெள்ளை.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம், இது ஏது என்று கேட்டார்.

"மேக்ஸ்வெல்தான் ரயில்லேர்ந்து கொண்டாந்தான்மா," என்றார் அப்பா. "எல்லார் வூட்டுப் பசங்களும் அப்டித்தான். அதப் போட்டாதான் பிரசங்கம் முடியற வரிக்கும் இருமாம குந்திருக்க முடியுது. இன்னா பண்றது?"

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பட்டுப்புடவையோடு மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். வெள்ளை இருபத்தேழு தேறியது.

திங்கட்கிழமை அவற்றை ஓர் உறையில் போட்டு கிரண் மேஜையில் வைத்தாராம்.

"மாம்பழத்தைத் தின்னாங்க சார், முடிஞ்சுது. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. அடுத்த வாரம் கடைக்கு வரப்போறது யாரு?"

கிரண் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினாராம். சுக்குமணி நிற்கவில்லை. ஜெல்லிக்கு வேறு மெஷின் வந்தது.

கடைசி நாள் அக்கா பெட்டியில் எல்லாருக்கும் ஒரு சுக்குமணிப் பொட்டலம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "இது அப்பாவுக்கு," என்றார். பிறகு என் உள்ளங்கையில் தனியாக மஞ்சள் மிட்டாய் ஒன்றை வைத்து மூடினார்.

எனக்குச் சர்க்கரை. மனைவி கரோலினுக்குப் பயந்து காகிதத்தை ஜன்னல் இடுக்கில் செருகுபவன், அந்தப் பெட்டியில் நான் ஒருவன்தான்.

"ஒன்னே ஒன்னுதான்," என்றார் அக்கா. "கரோலின்கிட்ட நான் சொல்லமாட்டேன்."