சோபாவில் உட்கார்ந்தேன்

மழைக்காலம் வந்தால் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது மாடிக்காரர் வைத்ததுதான் சட்டம். அவருக்குச் சிறுசேரியில் ஐடி வேலை. ரேடார் படம் காட்டும் ஆப் ஒன்றைப் பார்த்து, தாம்பரத்தில் இவ்வளவு மழை, கோவிலம்பாக்கத்தில் இவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போட்டுக்கொண்டே இருப்பார். மழை என்றாலே வெள்ளம் புகும் முடிச்சூரில், அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் நானும் அதே ஆப்பைத்தான் பார்ப்பேன், தரையில் இருக்கும் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டே.

போன மழைக்காலத்தில் என் கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை ஊன்றவே கூடாது. ஒருநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் எங்கள் ஏரியா முழுக்கக் கருஞ்சிவப்பு, அதாவது பேய்மழை. குழுவில் மாடிக்காரர், "செம! நம்ம தலைக்கு மேலயே வருது!" என்று போட்டிருந்தார்.

மழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடை பொங்கியது. பழுப்பு நுரையும் யார் வீட்டதோ மலமும் மிதந்து ஹாலுக்கு வந்தன. முந்தானையால் மூக்கைக் கட்டியும் குமட்டியது. அவர் படுத்திருந்த கட்டிலின் காலைத் தண்ணீர் தொட்டதும் கதவைத் திறந்து கத்தினேன்.

முதலில் வந்தவர் மாடிக்காரர். தண்ணீர் படாத படியில் நின்றுகொண்டு வீடியோ எடுக்கப் போனை நீட்டினார்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க. எவ்ளோ உயரம்னு தெரியணும்."

"போனை வைங்க தம்பி. வந்து அவரைத் தூக்குங்க."

"சாக்கடையாச்சே ஆன்ட்டி..."

முதல் மாடி டீச்சரும் அவர் கணவரும்தான் தயங்காமல் இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவரை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

அங்கே போய் மூச்சு விடுவதற்குள் என் கணவர் போனை என்னிடம் நீட்டினார். குழுவில் மாடிக்காரர் போட்ட வீடியோ. புடவையைத் தூக்கிச் செருகிய நான், லுங்கி நழுவ நாற்காலியில் அவர். 'முடிச்சூர் நிலவரம். ஆப் சொன்னது கரெக்ட்!' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

சாக்கடையைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கால்கூடக் கழுவாமல் மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

"அதை அழிங்க."

"நியூஸ் மாதிரிதானே ஆன்ட்டி போட்டேன்? நிறையப் பேர் ஷேர் பண்றாங்க."

நேராக உள்ளே போய், சாக்கடையில் நனைந்த அந்தப் புடவையோடு அவர்கள் சோபாவில் உட்கார்ந்தேன். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அழிச்சுத் தொலைங்க முதல்ல!" என்று கத்தினாள்.

அழித்தார். மன்னிப்பு கேட்கவில்லை. நான் எழுந்தபோது சோபா உறை பழுப்பாக நனைந்திருந்தது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை துளியும் வருத்தமில்லை.