கல்யாண வீட்டுச் சத்தம்

கர்நாடக இசைக் கசெற் சேர்க்கிற வியாதி எனக்கு உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே, கசெற்றுகள் அலுமாரிக்குள். “நான் கதைக்கிறதையும் கசெற்றில பதிஞ்சு தரட்டோ? அப்பவாவது கேப்பியள்” என்பாள் மனைவி.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேல்மாடியில் குடியிருந்த அன்ரியிடம், மகளின் கல்யாணத்தில் பதிந்த நாதஸ்வரக் கசெற் ஒன்று இருந்தது. அந்த வித்துவானின் வாசிப்பு வேறெங்கும் கிடைக்காது. கெஞ்சி வாங்கினேன்.

வாசிப்புக்கு இடையிடையே ஒரே சனச் சத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் வந்த இடமெல்லாம் வெட்டி, இசையை மட்டும் புதுக் கசெற்றில் ஏற்றினேன். பழையதில் அன்றைக்கே ஒரு வானொலிக் கச்சேரியைப் பதிந்துவிட்டேன். புதியதைப் பெரிய பரிசுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்ரி உடனே போட்டுக் கேட்டார். ஒரு ராகம் முடிந்ததும் ரெக்கோடருக்குக் கிட்டக் குனிந்தார்.

“தம்பி, இந்த இடத்தில எங்கட சின்னவன் ‘அம்மா, படமெடுக்க வாங்கோ’ எண்டு கூப்பிடுவான். அது எங்க?”

சின்னவன், காணாமல் போன மகன். அவனுடைய குரலென்று அவரிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

“அன்ரி... அதை நான் வெட்டிப்போட்டன்.”

“அப்ப பழைய கசெற்?”

“அதில வேற பதிஞ்சிட்டன்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ரெக்கோடரை நிறுத்திவிட்டு மெல்ல எழுந்தார்.

“நல்லதெண்டுதானே செய்தனீங்கள். இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்.”

அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். எப்படிக் குடித்தேனென்று கேட்காதீர்கள்.

வியாதி இன்னும் மாறவில்லை. ஆனால் இப்போது ஒரு பதிவில் யாராவது இருமினாலும் அதில் நான் கை வைப்பதில்லை. அந்த இருமல் யாருக்காவது வேண்டியிருக்கலாம்.