வாசல்வரை நடந்து காட்டுங்கோ

எங்கள் பக்கத்தில் யாராவது பேப்பரும் பேனையுமாக வந்தால் உடனே எல்லாருக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விடும். இது நோயல்ல, பழக்கம். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் கூரை மூடத் தறப்பாளும், ஆடும் கோழிக்கூடும் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் கிடைத்தன; அதிலும் முடியாதவர்களுக்கு முதலிடம். பதிவுக்காரர் வந்தால் கிழிந்த சாரத்தைத் தேடி எடுத்து உடுப்பதும், நல்ல சைக்கிளைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிப்பதும் எங்களுக்குக் கைவந்த கலை. இப்போது எதையும் கொடுக்க யாரும் வருவதில்லை. உடம்புக்குத்தான் அது இன்னும் தெரியாது.

ஆகவே, உருத்திரபுரத்துப் பொதுமண்டபத்தில் வயதானவர்களைச் சோதித்துப் புள்ளி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் கூனத் தொடங்கிவிட்டேன். மனைவிக்கோ நேர்மாறான கவலை. அவளுடைய அக்கா கிணற்றடியில் வழுக்கி, இடுப்பெலும்பு உடைந்து, கட்டிலோடு கிடக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து லண்டனில் இருக்கும் மகள் போனில் ஒரே பாட்டு: "அம்மா இனிச் சைக்கிளைத் தொடக் கூடாது." சைக்கிள் போனால் சந்திக்குக் கீரை விற்கக் கொண்டுபோவதும் போகும், கோயிலும் போகும். அவள் வேலிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"டொக்டர் எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னா அவள் வாயை மூடுவாள். நீங்கள் வந்து குழப்பாதேங்கோ" என்று புறப்படும்போதே எச்சரித்தாள்.

மண்டபத்தில் ஓர் இளம் டொக்டர், எங்கள் மகளைவிடச் சின்னப் பெண், பொறுமையாக விளங்கப்படுத்தினாள். "எலும்பு தேய்ஞ்சிருக்கோ எண்டு மட்டும் பாக்கிறேல்லை ஐயா. கை காலிலை பலம் இருக்கோ, நடை எப்பிடி, மெலிஞ்சு போனீங்களோ, விழுந்தனீங்களோ, எல்லாத்துக்கும் புள்ளி இருக்கு. புள்ளி கூடினா எலும்பு முறியிற ஆபத்தும் கூட."

ஆபத்து என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் புள்ளி கூடினால் சாமானும் கூடும் என்றே என் முதுகு நம்பியது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னாள். பாதி எழும்பி, "முருகா" என்று திரும்ப விழுந்தேன். இறுக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு கருவியைத் தந்தாள். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தேன். பாவம், அந்த டொக்டர்ப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

"ஐயா, இனி வயல் வரம்பிலை நடக்க வேண்டாம். குளத்திலை குளிக்க வேண்டாம். மரத்தடிக்கே போக வேண்டாம்."

"தாறதுக்கு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"ஒண்டுமில்லை ஐயா. புத்திமதிதான்."

பின்வரிசை வாங்கிலிருந்து மனைவி வெடித்தாள். "நம்பாதேங்கோ டொக்டர்! நேற்றும் மாமரத்திலை நிண்டவர். இறங்கச் சொல்லிக் கத்தினனான்." மண்டபமே சிரித்தது. மறுபடி சோதித்தபோது கதிரை பின்னால் சாயும்படி துள்ளி எழும்பினேன். பொய் பிடிபட்டதைவிடக் குளத்துக் குளிப்பு தப்பியதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்தது அவள். "விழுந்தனீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டதற்கு, "நானோ? நான் சைக்கிள் ஓடுற ஆள்" என்றாள். கதிரையிலிருந்து எழும்பும்போது கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து முழங்காலைப் பிடித்தன.

"சரி, அந்த வாசல்வரை நடந்து காட்டுங்கோ."

"கொஞ்சம் பொறுங்கோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அவள் சிரிக்கவில்லை.

"சைக்கிள் இல்லாமல் நடவுங்கோ அம்மா."

நடந்தாள். சின்னச் சின்ன அடிகள். இரண்டு கைகளும் ஹான்டில் உயரத்தில் நீண்டு, விரல்கள் மடிந்து, வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாதித் தூரத்தில் நின்று சுவரைப் பிடித்தாள்.

அவள் சைக்கிளில் ஏறி ஓடியதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. சந்திக்கு உருட்டிக்கொண்டு போவாள். கரியரில் கீரைக்கட்டு இருப்பதால் என்று நினைத்திருந்தேன். வெறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள். வெயில் என்று நினைத்திருந்தேன். அக்காவின் கட்டில் கண்ணுக்குள் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"சைக்கிள் நல்லாத் தாங்கும்" என்றாள் டொக்டரிடம், சின்னக் குரலில்.

"அது சரிஞ்சா உங்களையும் கொண்டெல்லோ விழும் அம்மா. கதிரையிலை இருந்து எழும்பிற பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்யுங்கோ. காலுக்குப் பலம் வரட்டும், திரும்பப் பாப்பம். அதுவரைக்கும் ஒரு ஊன்றுதடி பிடியுங்கோ."

"தடி கிழவியளுக்கு."

வெளியே வந்ததும், காலையில் அவள் உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளை நான் வாங்கி ஒரு பக்கத்தில் உருட்டினேன். மற்றப் பக்கத்தில் அவள், வேலியைத் தொட்டுத் தொட்டு வந்தாள். எங்கள் ஊரில் இந்த வயதில் புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு ரோட்டில் போவதில்லை. சந்தியில் வேலி முடிந்தது. கடை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"இஞ்சேரும், என்ரை தோளைப் பிடியும்" என்றேன்.

கடைப்பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிடித்தாள்.

"மெல்லப் போங்கோ. உங்களுக்கு பிறேக் இல்லை."

"பெல்லும் இல்லை" என்றேன்.

வாயால் பகிடி விட்டாளே தவிர, கை முழுப் பாரத்தோடு என் தோளில் ஊன்றியிருந்தது. காலையில் கூனிக்கொண்டு போன அதே பாதையால், முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.