பிடியில் முறிந்த துண்டு

விரல் அளவு அலுமினியத் துண்டு அது. தலைமுடியைவிட மெல்லிய கரிம இழைகளை உள்ளே வைத்து வார்த்திருந்தார்கள். அதை இயந்திரத்தில் மாட்டி, ஓயாமல் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, எப்போது முறிகிறது என்று பார்ப்பதுதான் பதுளைப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு வேலை. ஒரே இழுப்புக்கு அசையாத உலோகம், சின்னச் சின்ன இழுப்புகளால் சோர்ந்து முறியும். அதற்கு வாரக்கணக்காகும். நடுவில் கரண்ட் போகக் கூடாது.

ஆனால் போகும். மழை பெய்தால் போகும், காற்றடித்தால் போகும், ஒன்றுமில்லாமலும் போகும். திரும்பி வரும்போது இயந்திரம் ஓர் உலுக்கு உலுக்கும். அதோடு துண்டு வீண். இரண்டை அப்படி இழந்தேன்.

மாலையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனால், கொழுந்து பறித்துக் களைத்து வந்திருக்கும் அம்மா தினமும் கேட்பார், உடைந்ததா என்று. இல்லை என்பேன்.

"ஒடைக்கிறதுதான் படிப்புன்னா எங்கிட்ட குடு. செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால ஒரே வெட்டுல முடிச்சிர்றேன்."

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது துண்டு தாக்குப்பிடித்தது. ஒரு மத்தியானம் டக்கென்று முறிந்தது. என் ஆய்வை மேற்பார்வை செய்யும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியரை ஓடிப்போய் அழைத்துவந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிடிச்ச இடத்திலயெல்லோ முறிஞ்சிருக்கு. இது கணக்கில வராது, பிள்ளை. இன்னொண்டு போடும்."

இயந்திரத்தின் பிடி கடித்ததால் முறிந்ததாம், சோர்வால் அல்லவாம். அவர் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டை வீசியெறியத்தான் எடுத்தேன். எறியாமல் நடுவில் அறுத்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத இடம் அது. தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன்.

உள்ளே பல இழைகளைச் சுற்றி உலோகம் விலகியிருந்தது. மெல்லிய கறுப்பு இடைவெளிகள். சில இழைகள் துண்டுதுண்டாக அறுந்தும் கிடந்தன.

திரும்பி வந்தவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே பழுது தொடங்கிவிடுகிறது என்றார். இனி முறியும்வரை காத்திராமல், பாதியில் நிறுத்தி அறுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப இன்னும் கனக்கத் துண்டு வேணும்."

அடுத்ததை நானே பாதியில் நிறுத்தி அறுத்தேன். இடைவெளி அதிலும் தொடங்கியிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர் தன் அறைச் சுவரில் ஒட்டினார். எனக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. முதலில் கொஞ்சம் தூங்க வேண்டும் போலிருந்தது.